எலும்பு கூடும் வரை

“பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம்” என்னும் செய்தியைக் கேளாத தெரு இன்று நம்மிடையே இருப்பதாகத் தெரியவில்லை. எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் இன்று பல இல்லங்களில் இருக்கிறார்கள். அது நமக்குக் கிடைத்த பேறு. ஆயினும் முதிர்ந்த எலும்பு சிறு வீழ்ச்சியையும் தாங்குவதில்லை. விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறோம், எக்ஸ்ரே எடுக்கிறார்கள், அறுவை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். அப்பொழுது வராந்தாவில் கூடி நிற்கும் பிள்ளைகளிடையே எழும் பேச்சை நான் பல்லாண்டுகள் கேட்டிருக்கிறேன். “எண்பது வயதாகிவிட்டது; இனி எதற்கு அறுவை? வீட்டிற்குக் கொண்டுபோய்ப் படுக்க வைப்போம். இருக்கிற நாள் வரை நிம்மதியாகக் கிடக்கட்டும்.”

இப்பேச்சு அன்பில்லாமையால் எழுவதன்று. பணமில்லாமை ஒரு காரணம். கத்தியைப் பற்றிய அச்சம் மற்றொரு காரணம். ஆனால் அதனுள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. படுத்துக் கிடப்பது நிம்மதி என்பதே அது. அவ்வெண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

1979-ஆம் ஆண்டு தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியாகச் சேர்ந்து, 2016-இல் ஓய்வு பெறும் வரை பெரும்பாலும் எலும்பு முறிவு வார்டிலேயே பணியாற்றினேன். அக்காலத்தில் தொடையெலும்பு முறிந்தவருக்குப் பெரும்பாலும் இழுவை வைத்தியம்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பினூடே ஒரு கம்பியைச் செலுத்தி, அதிலிருந்து கயிற்றை உருளையின் மீது ஓட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கற்களைத் தொங்கவிடுவோம். எடையின் இழுப்பில் நோயாளி கீழே சரிந்துவிடாதிருக்க, கால்மாட்டுக்கு அடியில் செங்கற்களை அடுக்கி உயர்த்துவோம். ஏறக்குறைய மூன்று மாதம் இந்நிலையிலேயே கிடக்க வேண்டும். எடை எதன்மீதும் தட்டாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும் என்பது விதி. மாலையில் காண வரும் அத்தையோ சித்தியோ, “ஐயோ, பிள்ளையின் காலில் கல்லைக் கட்டி இழுக்கிறார்களே” என்று இரங்கி, அதைத் தூக்கி முக்காலியின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் சுற்றி வரும்போது நோயாளி மிக்க மகிழ்ச்சியோடு படுத்திருப்பார். அந்த மகிழ்ச்சியைக் கண்டதுமே எங்கள் கண் எடைக்கல்லைத் தேடும்.

அந்த மூன்று மாதங்களில் எலும்பைக் கூட்டுவதற்கென்று நாங்கள் செய்தது மிகக் குறைவு. முறிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. சில வாரங்களில் அதைச் சுற்றி மெல்லிய நாரும் குருத்தும் படர்ந்து இரு முனைகளையும் பிணைக்கின்றன. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டிப்படுகிறது. குழந்தைக்கு இது விரைவில் நடக்கும், முதியவருக்குத் தாமதமாகும். கைக்குச் சில வாரங்கள் போதும். தொடைக்குச் சில மாதங்கள் வேண்டும். முனைகளை நேராக்கி அசையாமல் நிறுத்துவது மருத்துவரின் வேலை. கூட்டுவது உடலின் வேலை. ஆட்டுக்கால் சூப்பினால் மட்டும் அது நடந்துவிடுவதில்லை. முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாமே அதற்கு உதவும். பீடி, சிகரெட்டு அதைத் தாமதப்படுத்தும். அப்படியானால் செவிலி எதற்கு? எலும்பு கூடும் வரை, அந்த எலும்புக்கு உரிய மனிதர் வேறு வழியில் அழிந்துவிடாமல் காப்பதற்கே.

முதியவர் படுத்துக் கிடக்கும்போது என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து காண முடியாது. நெஞ்சின் அடிப்பகுதியில் காற்று சரியாகப் புகாமல் சளி தங்கி நிமோனியாவாகிறது. அசையாத கெண்டைக்கால் நரம்பில் இரத்தம் கட்டியாகி, அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். சிறுநீர் தேங்கிக் கிருமி வளர்கிறது. மலம் கட்டிக்கொள்கிறது. பசி போகிறது. தசை நாளுக்கு நாள் கரைகிறது. இடுப்பு முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேற்பட்டோர், ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. அவர்களுள் எலும்பு முறிந்ததனாலேயே இறந்தவர் அரியர். கிடந்ததனால் வந்த கேடுகளால் இறந்தவரே மிகுதி.

எனவேதான் எண்பது வயதுப் பாட்டிக்கும் அறுவை வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துகிறார். அவரை ஓட வைப்பதற்காக அன்று. மறுநாள் காலையில் தாங்கக்கூடிய வலியோடு அவரை எழுப்பி உட்கார வைக்க முடிய வேண்டும் என்பதற்காக. இயன்றால் விழுந்த இரண்டு நாட்களுக்குள் அறுவையை முடித்து, அடுத்த நாளே இருவர் தாங்க வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பது இன்றைய முறை. அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடைபெறுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர் அதைப் பற்றியும் கேட்டறியலாம். இருதயமோ நுரையீரலோ மிகவும் கெட்டு, அறுவையைத் தாங்காதவர்களும் சிலர் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நோயாளியையும் கேட்க வேண்டும். வராந்தாவில் நிற்கும் நாம் வயதை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யலாகாது. அறுவை செய்யாதவரையும் வலிக்கு மருந்து கொடுத்துத் தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி வைக்கலாம்; கைவிட வேண்டியதில்லை.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த அம்மையார் ஒருவரை நினைக்கிறேன். மீனவர் ஒருவரின் விதவை. அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாளிலிருந்து, “எனக்குத் தாகமில்லை” என்று தண்ணீரை ஒதுக்கினார். மருமகள் கஞ்சி கொண்டுவந்தால் இரண்டு வாய். பிறகு உதட்டை மூடிக்கொள்வார். மூன்றாம் இரவு, கடலில் இறந்துபோன கணவர் கட்டிலருகே நிற்பதாகச் சொல்லி அவரோடு பேசத் தொடங்கினார். கையிலிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். உறவினர் கலங்கிப்போயினர். “அவர் அழைக்க வந்துவிட்டார், இனி நேரமில்லை” என்று ஒருவர் சொல்ல, நோயில் பூசுதல் கொடுக்கக் குருவானவரை அழைக்க ஒருவர் புறப்பட்டார். நோயுற்றவருக்குக் குருவானவர் வருவது எந்நேரத்திலும் நல்லதே. ஆனால் அந்த அம்மையாரின் நாக்கு பனையோலை போல் உலர்ந்திருந்தது. சிறுநீர் மஞ்சளடித்துச் சிறிதளவே கழிந்திருந்தது. கண்ணாடி, மருமகளின் பைக்குள் பத்திரமாக இருந்தது.

குருவானவரும் வந்தார், மருத்துவரும் வந்தார். குளுக்கோஸ் மறுபடி ஏற்றினோம். சிறுநீரில் கிருமி இருந்தமையால் மருந்து கொடுத்தோம். கண்ணாடியை மூக்கில் மாட்டினோம். முகம் தெரியும்படி விளக்கை எரியவிட்டு, மகளை அருகில் உட்கார வைத்தோம். இரண்டு நாளில் தெளிந்தார். தெளிந்தபின் என்னைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னார்: “சிஸ்டர், தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் பெட்பேன் வைக்க மருமகளைக் கூப்பிட வேண்டும். அவள் என் வயிற்றுப் பிள்ளையா? அவளுக்கும் அருவருப்பு இருக்குமே.”

தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நம் பெரியவர்கள் பலரும் வாய்விட்டுச் சொல்லாமல் மேற்கொள்ளும் தவம். அதைக் கண்டுபிடிப்பது மருத்துவத்தைக் காட்டிலும் உறவைச் சார்ந்தது. “தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்டால், “வேண்டாம்” என்றே பதில் வரும். கேளாமல், இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ மருத்துவர் அளவு விதித்திருந்தாலன்றி, மணிக்கொருமுறை அரை டம்ளர் நீட்ட வேண்டும். பெட்பேனைக் கேட்கும்முன் கொண்டுவர வேண்டும். அதை முகம் சுளிக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த மருமகள் இதைக் கேட்டபின் தாமே வந்து, “அத்தை, நேரமாயிற்று” என்று வேளை தவறாமல் நீட்டினார். அத்தை அவரைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்தது படுக்கைப் புண். இது நோயன்று, அழுத்தம். எலும்பு துருத்திய இடத்துத் தோல், உடலின் பாரத்துக்கும் மெத்தைக்கும் இடையே நெரிந்து இரத்தமின்றிச் செத்துப்போகிறது. முதுகின் அடியில் வாலெலும்பை ஒட்டிய இடம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகியவை முதலில் போகும். நாள்தோறும் இவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடம் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் தோலுக்கு உயிர் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. கறுத்த மேனியில் சிவப்புத் தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும் கையால்தான் தெரியும். நான் பயின்ற காலத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் இட்டு முதுகைத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சிவந்த இடத்தைத் தேய்த்தால் அடித்தோல் மேலும் சிதையும் என்று அறிந்தபின் அம்முறை கைவிடப்பட்டது. புண் வராதிருக்கக் காற்றடைத்த வளையத்தில் உட்கார வைப்பதும் அப்படியே. வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்தத்தைத் தடுக்கிறது. காற்று மெத்தை நல்லதுதான். ஆனால் மெத்தை வாங்கியாயிற்று என்று புரட்டாமல் விட்டுவிடுகிறார்களே, அதனால் கெட்ட முதுகுகள் பல.

இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது இரு முழங்கால்களுக்கிடையே தலையணை, கெண்டைக்காலின் கீழ் மற்றொரு தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் விடுங்கள். மேலே நகர்த்த வேண்டுமானால் அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். இழுக்கும்போது எலும்பு நகர்கிறது, தோல் மெத்தையோடு ஒட்டி நின்றுவிடுகிறது, உள்ளே கிழிகிறது. நான்காக மடித்த சேலை ஒன்றை முதுகிலிருந்து தொடை வரை விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் பிழைக்கும். தூக்குபவரின் முதுகும் பிழைக்கும்.

சிறுவர்களின் கதை வேறு. வேப்பமரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுந்து, முழங்கைக்கு மேலே முறித்துக்கொண்டு வருவார்கள். மாவுக்கட்டுக்குள் அரித்தால் ஈர்க்குச்சியை உள்ளே விட்டுச் சொறிவது அவர்களின் வழக்கம். தோல் கீறிப் புண்ணாகி நாற்றம் வந்தபின்தான் வீட்டாருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முறிந்த கை வீங்கும், கட்டு வீங்காது. இறுக்கமான கட்டுக்குள் தசைக்கு இரத்தம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். பின்பு கை கூடினாலும் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கி நின்றுவிடும். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-இல் இதை விளக்கி எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இறுக மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, நான்காம் நாள் எங்களிடம் கொண்டுவரப்பட்ட ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் கை அப்படித்தான் ஆயிற்று. முதல் இரவு முழுவதும் அவன் அழுதிருக்கிறான். “ஆண்பிள்ளை, பொறுத்துக்கொள்” என்று சொன்னார்களாம்.

ஆகவே தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டுப் போட்ட பிள்ளையின் வலி, மருந்து கொடுத்தும் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், அல்லது அவன் விரலை நீங்கள் மெல்ல நீட்டும்போது துடித்தால், அல்லது விரல் மரத்து, வெளுத்து, குளிர்ந்து போனால், அந்த இரவே புறப்படுங்கள். மருத்துவமனையில் கட்டைப் பிளந்து விடுவார்கள். அதுவும் போதாதென்றால் உள்ளே இறுக்கம் தீர அறுவை செய்வார்கள். எலும்பை மறுபடி நேராக்கலாம். செத்த தசையை எழுப்ப முடியாது. வலியேதும் இல்லாத பிள்ளைக்கும் முதல் சில நாட்கள் கையைத் தலையணைமேல் நெஞ்சைவிட உயர்த்தி வையுங்கள். விரல்களை அசைக்கச் சொல்லுங்கள். ஈரமான மாவுக்கட்டை விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்துங்கள். விரல் பதிந்த குழி உள்ளே தோலை அழுத்தும்.

இதனால் நாட்டு வைத்தியரை எல்லாம் நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எலும்பு மருத்துவத்துக்கு அடிகோலிய ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891), தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டி வந்த வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தில் பிறந்து, பின் முறையாக மருத்துவம் பயின்றவர். உடைந்த காலை நீட்டி நிறுத்த அவர் அமைத்த இரும்புச் சட்டம் அவர் பெயராலேயே எங்கள் வார்டிலும் இருந்தது. அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ், முதல் உலகப் போரில் அதைப் படைவீரர்களுக்குப் பரவலாகப் பயன்படுத்தச் செய்தார். இந்த ஜோன்சுடன் இணைந்து உழைத்த ஒரு பெண்மணியை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆக்னஸ் ஹண்ட் 1866-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே இடுப்பு மூட்டில் நோய் கண்டு வாழ்நாள் முழுதும் விந்தி நடந்தவர். அந்தக் காலுடனேயே செவிலியர் பயிற்சி பெற்று, 1900-ஆம் ஆண்டு ஷ்ராப்ஷையர் மாவட்டத்துப் பாஸ்சர்ச் என்னும் சிற்றூரில் கால் ஊனமுற்ற குழந்தைகளுக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினார். திறந்த கொட்டகைகளில், காற்றும் வெயிலும் படக் குழந்தைகளைக் கிடத்தினார். தம் இடுப்புக்கு வைத்தியம் நாடிச் சென்ற இடத்தில்தான் ராபர்ட் ஜோன்சை அவர் அறிந்தார். பின்னர் அவரே பாஸ்சர்ச்சுக்கு வந்து அறுவை செய்யலானார். 1921-இல் அந்நிலையம் ஆஸ்வெஸ்ட்ரிக்கு மாறியது. அறுவை மருத்துவர் பெயரும் செவிலி பெயரும் ஒருசேர இன்றும் அம்மருத்துவமனைக்கு வழங்குகின்றன. செவிலியின் பெயரால் விளங்கும் மருத்துவமனைகள் எத்தனை? படுக்கையிலிருந்து கூரையைப் பார்த்துக் கிடப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் அத்தகையவர் இருந்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத் தண்டு கெட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமையக் காரணரானார்.

அந்த நிலையத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் தேரிக்காட்டுப் பக்கத்துப் பனையேறி ஒருவர் நினைவுக்கு வருவார். பதநீர்ப் பருவத்தில் எங்கள் வார்டுக்கு இத்தகையோர் வருவதுண்டு. உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுந்தவரின் குதிகால் முறிந்திருந்தால் முதுகெலும்பையும் பார் என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். இவரை உடனிருந்தோர் தலையை ஒருவரும் காலை ஒருவரும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவுக்குள் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுவந்தனர். தண்டுவடம் கெட்டது விழுந்தபோதா, மடக்கியபோதா என்று யாராலும் கூற இயலாது. ஆனால் முதுகு வலிக்கிறது, கால் மரக்கிறது என்பவரை எவ்வாறு தூக்குவது என்பதைப் பனைமரம் நிற்கும் ஊர்களேனும் அறிந்திருக்கலாம். 108-ஐ அழையுங்கள். அதுவரை அவரை அசைக்காதீர்கள். அசைத்தே ஆகவேண்டுமானால் நான்கு பேர் சேர்ந்து, ஒருவர் தலையைப் பிடித்துச் சொல் கொடுக்க, கழுத்தும் முதுகும் காலும் ஒரே கட்டைபோலத் திருப்பிப் பலகையின்மேல் கிடத்துங்கள். கதவொன்றைக் கழற்றினாலும் போதும்.

அவர் எழுந்து நடக்கவில்லை. வயது முப்பது, இரண்டு பிள்ளைகள். இடுப்புக்குக் கீழே புண் வந்தாலும் தெரியாது என்பதால் கண்தான் அவருக்கு உணர்வாக இருக்க வேண்டும் என்று அவர் மனைவியிடம் விளக்கினோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் ஒரு டைம்பீஸை வாங்கி, இரண்டு மணிக்கொரு முறை அலாரத்தைத் திருப்பி வைத்து எழுந்தார். பதினோராண்டு கழித்து, மகனின் முறிந்த கைக்காக வந்தபோது அவரைப் பார்த்தேன். கணவர் வீட்டு முற்றத்தில் அமர்ந்து ஓலைப்பெட்டி முடைகிறாராம். “புண் உண்டா?” என்றேன். “ஒரு தடவைகூட வரவில்லை, சிஸ்டர்” என்றார். அதற்கு ஈடாக எந்த அறுவையையும் நான் சொல்ல மாட்டேன்.

இனி வீட்டுக்கு வருவோம். இடுப்பில் புதிய மூட்டுப் பொருத்தியவர் முதல் சில வாரங்கள் தாழ்வாக உட்காரக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது என்று பெரும்பாலும் கூறுவார்கள். நம் கழிப்பறைகளோ குந்துவதற்கென்று கட்டப்பட்டவை. நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று போதும். கடையிலும் கிடைக்கும், தச்சரும் செய்து தருவார். அதன் நான்கு காலும் வழுக்காதிருக்க ரப்பர் மாட்டுங்கள். சுவரில் பிடிகம்பி ஒன்றைப் பதியுங்கள். கோயிலில் தரையில் அமர்ந்தும் முழங்காலிட்டும் பழகிய பெரியவர்கள் நாற்காலியில் அமரக் கூசுவார்கள். குடும்பத்தார்தாம் அதை எளிதாக்க வேண்டும். ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு மறுமுறை முறிவது எளிது. ஆகவே எலும்பு வலுக்க மருந்து தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். விழுந்து மணிக்கட்டு மட்டும் முறிந்த ஐம்பது, அறுபது வயதுப் பெண்களும் இதைக் கேட்க வேண்டும்.

பார்க்க வருவோர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இதே முறிவால் இறந்தவர்களின் கதைகளைச் சொல்லாமலிருந்தால் நல்லது.

கடைசியாக, பணிவிடை செய்பவரைப் பற்றி. எங்கள் வார்டில் எட்டு மணி நேரத்துக்கொரு முறை ஆள் மாறுவோம். வீட்டில் மாறுவதற்கு ஆளில்லை. இருக்கிற ஒரு மருமகளோ மணமாகாத மகளோ இரவும் பகலும் சுமக்கிறார். மாமியாருக்கு எலும்பு கூடும் வேளையில் மருமகளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, இருவரும் ஒரே நாளில் எங்கள் புறநோயாளர் வரிசையில் நின்றதைக் கண்டிருக்கிறேன். நாசரேத்துப் பக்கம் ஒரு வீட்டில், கட்டிலுக்கு மேலே காலண்டர் அட்டையின் பின்புறம் மணிக்கணக்கு எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இரவு பத்துக்குப் புரட்டுவது பேரன், பன்னிரண்டுக்கு மகன், இரண்டுக்கு மருமகள், நான்குக்கு மறுபடியும் மகன். பேரன் அப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். பாட்டியைப் புரட்டிவிட்டுத் தலையணையை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கே காட்டித் தந்தான்.